காணாமற்போன தாய்மாமாவைத் தேட எங்கள் மரபணு மாதிரியை எங்கே கொடுப்பது?

புதுகைப் பேத்தி, ஈசூன்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் தம்பி, புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து 1990களின் நடுவில் சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்தவர். வேலை அனுமதி முடிந்த பிறகு அவர் ஊர் திரும்பவில்லை. ஜோகூரில் வேலை கிடைத்திருப்பதாக உடன் தங்கியிருந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார் என்பது மட்டும் பிற்பாடு எங்களுக்குத் தெரிய வந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி வந்த கடிதமே அவரிடமிருந்து வந்த கடைசிச் செய்தி. அப்போது என் தாத்தா ஊர்க்காரர்கள் சிலரிடம் விசாரிக்கச் சொன்னாரே தவிர, எந்த நாட்டுக் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நான் திருமணமாகி இங்கே வந்து, இப்போது ஈசூனில் வசிக்கிறேன். அம்மாச்சிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. மாமா இறந்திருக்கக்கூடும் என்பதை அவர் மனத்தளவில் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனாலும் "ஒரு எலும்பையாச்சும் கண்ணுல காட்டுங்க, அப்புறம் காரியம் பண்ணலாம்" என்று சொல்லிக் கருமாதி செய்ய மறுக்கிறார். அவர் காலத்துக்குள் ஏதாவது ஒரு பதில் கிடைக்காதா என்பதே எங்கள் தவிப்பு.

அடையாளம் தெரியாத சடலங்களையும் எலும்புகளையும் உறவினர்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்று படித்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது பயன்படுமா, சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ எப்போதோ கண்டெடுக்கப்பட்ட எலும்புகளோடு எங்கள் மரபணுவை ஒப்பிட யாரிடம் கேட்பது, குடும்பத்தில் யாருடைய மாதிரி வேண்டும் என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். இணையத்தில் விற்கப்படும் வம்சாவளிப் பரிசோதனைப் பெட்டியை வாங்கி அனுப்பினாலே போதும் என்கிறார் என் மைத்துனர். அது சரியா? ஊரில் நிலப் பட்டாவும் மாமாவின் பெயரோடு சேர்ந்து இருப்பதால் பாகம் பிரிக்க முடியாமல் கிடக்கிறது. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஊட்ரம் ஓய்வாளர்:

அம்மா, தடய அறிவியல் ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அம்மாச்சியின் மரபணு மாதிரியைத்தான் நீங்கள் முதலில் எடுக்க வேண்டும். மற்ற எல்லா வேலைகளும் ஓராண்டு தாமதமானாலும் பரவாயில்லை, இது தாமதமாகக்கூடாது.

காரணம் இதுதான். எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆய்வகத்தாலும் அது இன்னாருடையது என்று சொல்ல முடியாது. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லலாம், தொடையெலும்பை அளந்து உயரத்தை ஏறத்தாழக் கணிக்கலாம், மூட்டுகளையும் பற்களையும் பார்த்து வயதை ஒரு வரம்புக்குள் சொல்லலாம். பெயர் மட்டும் எலும்பில் இருக்காது. அடையாளம் காண்பது முழுக்க முழுக்க ஒப்பீட்டு வேலை. பேரிடர்களில் மாண்டோரை அடையாளம் காண இன்டர்போல் வகுத்துள்ள முறையில் மஞ்சள் நிறப் படிவம் காணாமற்போனவரைப் பற்றியது, இளஞ்சிவப்புப் படிவம் கண்டெடுக்கப்பட்ட உடலைப் பற்றியது. இளஞ்சிவப்புப் படிவத்தை மருத்துவரும் காவல்துறையும் நிரப்பிவிடுவார்கள். மஞ்சள் படிவத்தில் எழுத வேண்டிய செய்தி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உலகெங்கும் பெயரில்லாமல் கிடக்கும் எலும்புகளில் பலவற்றுக்கு இந்த மஞ்சள் படிவம் வந்து சேராததுதான் தடை. எலும்பு காத்திருக்கும். பெற்ற தாய் எத்தனை காலம் காத்திருக்க முடியும்?

கைரேகை, பல், மரபணு ஆகிய மூன்றையும் முதன்மை அடையாளங்களாக ஏற்கிறார்கள். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பதினைந்து வயதில் அடையாள அட்டைக்காகப் பதியும்போதே கைரேகை எடுக்கப்பட்டுவிடுகிறது. இப்போது வேலை அனுமதி பெறும் வெளிநாட்டு ஊழியர்களின் கைரேகையும் பதிவாகிறது. ஆகவே விரல் தோல் கெடாத நிலையில் கிடைக்கும் உடல் இங்கே நீண்ட நாள் பெயரில்லாமல் இருப்பது அரிது. எலும்பு மட்டுமே எஞ்சியிருந்தால் கைரேகைக்கு வழியில்லை. பல்லும் மரபணுவும்தான் மிச்சம்.

மரபணுவில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. உயிரணுவின் கருவில் உள்ள மரபணுவில் பாதி தாயிடமிருந்து வருவது, அதனால் காணாமற்போனவருக்குப் பிள்ளைகள் இல்லாதபோது பெற்றோரின் மாதிரியைவிட வலுவான சான்று வேறு இல்லை. உடன்பிறந்தவர்களின் மாதிரியும் உதவும், ஒருவர் மட்டும் கொடுப்பதைவிட இருவர் மூவர் கொடுப்பது நல்லது. இது தவிர இழைமணி மரபணு என்று ஒன்று உண்டு. அது தாய் வழியாக மட்டுமே இறங்கும். அம்மாச்சியிடம் உள்ள அதே இழைமணி மரபணுதான் உங்கள் மாமாவிடமும், உங்கள் அம்மாவிடமும், உங்களிடமும் இருக்கிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் அதற்கு நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான பிரதிகள் இருப்பதால், மண்ணில் பல ஆண்டுகள் கிடந்து சிதைந்த எலும்பிலிருந்துகூட அதைப் பிரித்தெடுத்துவிடலாம். ஆனால் ஒரே தாய்வழியில் வந்த எல்லாருக்கும் அது பொதுவானது என்பதால், 'இவர் இல்லை' என்று விலக்க உதவும் அளவுக்கு 'இவர்தான்' என்று நிறுவ உதவாது. அதனால்தான் அம்மாச்சியின் மாதிரி வேண்டும் என்கிறேன். மாமாவுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களையும், அவர்களுடைய மகன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தந்தைவழியில் மட்டும் இறங்கும் ஒய் நிறமூர்த்தத்தை அவர்களிடம் பார்க்கலாம்.

மாதிரி எடுப்பதில் வலியே இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் சில விநாடிகள் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, காகித உறையில் போட்டு முத்திரையிடுவார்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். ஆனால் நீங்களே வீட்டில் எடுத்து வைப்பது சான்றாக நிற்காது. கொடுப்பவர் யார் என்பதை உறுதிசெய்து, ஒப்புதல் கையொப்பம் வாங்கி, அதிகாரி முன்னிலையில் எடுத்தால்தான் செல்லும்.

எந்த ஆய்வகத்தின் வாசலிலும் நேரே போய் நிற்காதீர்கள், காவல்துறை வழியாகத்தான் எல்லாமே நடக்கும். உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று வழக்குப் பதியச் செய்வது முதல் படி. 1998இல் காணாமற்போனவருக்கு இப்போது புகாரா என்று கேட்பார்கள், தயங்காமல் வலியுறுத்துங்கள். அந்த வழக்கு எண் இல்லாமல் எந்த நாடும் உங்களுக்குப் பதில் எழுதாது. அடுத்து இங்கே உங்கள் அக்கம்பக்கக் காவல் நிலையத்தில், அவர் கடைசியாக வாழ்ந்ததாக உறுதியாகத் தெரிந்த நாடு சிங்கப்பூர் என்ற விவரத்தோடு புகார் கொடுத்து, அவர் சோதனைச் சாவடி வழியாக வெளியேறியதற்குப் பதிவு உள்ளதா என்று விசாரிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். தேடலைச் சிங்கப்பூரில் தொடர்வதா ஜோகூரில் தொடர்வதா என்பது அந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் மரபணு அடையாளச் சட்டப்படி அமைந்த தடயவியல் தரவு வங்கியில் காணாமற்போனோருக்கென ஒரு தனித் தொகுப்பே இருக்கிறது. நாடு கடந்த தேடலுக்கு இன்டர்போல் 2021இல் 'ஐ-ஃபெமிலியா' என்ற தளத்தைத் தொடங்கியது. காணாமற்போனவருடைய மாதிரி இல்லாவிட்டாலும் உறவினர்களின் மாதிரியை வைத்து, வெவ்வேறு நாடுகள் அனுப்பிய, அடையாளம் தெரியாத உடல்களின் மரபணு விவரங்களோடு ஒப்பிடுவதே அதன் வேலை. குடும்பத்தாரின் விவரம் குற்றவாளிகளின் பட்டியலோடு ஒப்பிடப்படாது, அந்த அச்சம் வேண்டாம். அதற்குள் நுழையும் வழி ஒவ்வொரு நாட்டிலும் உள்ள இன்டர்போல் பிரிவு. இந்தியாவில் அது புது டெல்லியில் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் இருக்கிறது. ஊர்க் காவல் நிலையத்திலிருந்து கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

மைத்துனர் சொல்லும் வம்சாவளிப் பெட்டியை வாங்க வேண்டாம். அந்த நிறுவனங்கள் பார்க்கும் மரபணுப் புள்ளிகள் வேறு, காவல்துறைத் தரவு வங்கிகள் பார்க்கும் புள்ளிகள் வேறு. ஒன்றின் முடிவை மற்றொன்றில் ஏற்றிவிட முடியாது. அமெரிக்காவில் அந்த முறையால் பல பெயரற்ற உடல்களுக்குப் பெயர் கிடைத்தது உண்மைதான். அங்கே இலட்சக்கணக்கானோர் அந்தத் தரவுத் தளங்களில் தாமே இணைந்திருக்கிறார்கள். நம் கிராமங்களிலிருந்து எத்தனை பேர் இணைந்திருப்பார்கள்?

தேக்கா வாசகர்:

பட்டா பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குச் செய்தி வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் வராவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று வாதிடுபவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சான்றுச் சட்டத்திலும் இந்தியச் சட்டத்திலும் ஒன்றுபோல் உள்ள விதி. இந்தியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சான்றுச் சட்டமும் இதைத் தொடர்கிறது. நிலம் ஊரில் இருப்பதால், அங்குள்ள உரிமையியல் நீதிமன்றத்தில் அவர் இறந்தவராகக் கருதப்பட வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்று, அதன் அடிப்படையில் மேற்கொண்டு நடக்கலாம். இதற்கு உடல் தேவையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காகக் காவல் நிலையத்தில் வழக்கை முடித்துவிட யாரும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சட்டம் ஒருவரை இறந்தவராகக் கருதுவதும், அவருடைய உடலை அடையாளம் காண்பதும் வெவ்வேறு காரியங்கள். முதலாவது முடிந்தாலும் இரண்டாவது திறந்தே இருக்க வேண்டும்.

புதுகைப் பேத்தி:

இருவருக்கும் என் நன்றி. நேற்றிரவே அம்மாவிடம் பேசினேன். அடுத்த வாரம் பெரியமாமா காவல் நிலையத்துக்குப் போகிறார்.

மாமா இளைஞராக இருந்தபோது பனைமரத்திலிருந்து விழுந்து இடது முன்கை முறிந்ததாம். மருத்துவமனைக்குப் போகாமல் புத்தூர்க்கட்டு போட்டிருக்கிறார்கள், கை சற்று வளைந்தே சேர்ந்துவிட்டது. ஊடுகதிர்ப் படம் எதுவும் கிடையாது. பல் மருத்துவரிடம் போனதாகவும் நினைவில்லை, ஆனால் மேல்வரிசையில் ஒரு பல் மற்றொன்றின் மேல் ஏறியிருக்கும். சிராங்கூன் சாலையில் ஏதோ ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்து அனுப்பிய படத்தில் அவர் வாய்விட்டுச் சிரிப்பதால் அது நன்றாகத் தெரிகிறது. படத்தின் பின்புறம் நீல மையில் தேதி எழுதியிருக்கிறார். இவையெல்லாம் பயன்படுமா?

இன்னொரு கேள்வி, கேட்கவே மனம் கூசுகிறது. யாரும் உரிமை கோராத உடல் என்று அவரை எங்கேனும் எரியூட்டிவிட்டிருந்தால், எல்லாமே முடிந்துபோனதுதானா?

பல் மருத்துவத் தாதி, தெம்பனிஸ்:

பயன்படும், சகோதரி. நீங்கள் குறிப்பிட்ட இரண்டுமே பெரிய செய்திகள்.

பல்லிலிருந்து தொடங்குகிறேன். உடலிலேயே கடினமான பகுதி பல்லின் எனாமல். தண்ணீர், மண், ஓரளவு தீ ஆகியவற்றையும் தாங்கி நிற்கும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு தாய்லாந்தில் ஆயிரக்கணக்கான உடல்களை அடையாளம் காணப் பல நாட்டுக் குழுக்கள் பாடுபட்டன, சிங்கப்பூரிலிருந்தும் குழு போயிருந்தது. வெப்பத்தில் முகங்கள் சில நாட்களிலேயே மாறிவிட்டதால், பார்த்துச் சொல்லும் அடையாளத்தை நம்ப முடியாமல் போனது. தொடக்க மாதங்களில் அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பல் பதிவேடுகளே கைகொடுத்தன. பல் மருத்துவரிடமே போகாதவர்களின் குடும்பங்கள் அதனால் பின்தங்கிப் போயின என்பதும் உண்மை. அவர்களுக்குச் சிரித்த முகத்தோடு எடுத்த படம்தான் பதிவேடு. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல், இடைவெளி, உடைந்த முனை ஆகியவற்றைப் படத்தில் பெரிதாக்கி மண்டையோட்டின் பற்களோடு பொருத்திப் பார்ப்பார்கள். மாமா வாய்விட்டுச் சிரித்திருக்கிறார் என்பது உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த கொடை. அந்தப் படத்தை வருடி (ஸ்கேனர்) மூலம் உயர்ந்த தெளிவில், ஓரங்களை வெட்டாமல், முன்புறமும் பின்புறமும் நகலெடுங்கள். கைப்பேசியில் வெளிச்சத்துக்குக் கீழ் வைத்துப் பிடித்த படம் போதாது. மூலப் படத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

கையைப் பொறுத்தவரை ஊடுகதிர்ப் படம் இல்லை என்று வருந்த வேண்டாம். முறிந்து சேர்ந்த எலும்பில் அந்த இடம் தடித்து, வளைவு அப்படியே நிற்கும். எத்தனை ஆண்டானாலும் எலும்பைப் பார்த்தவுடன் வல்லுநருக்குத் தெரிந்துவிடும். எந்தக் கை, முழங்கைக்குக் கீழே எவ்வளவு தூரத்தில், உள்நோக்கி வளைந்ததா வெளிநோக்கியா, எந்த வயதில் என்று பெரியமாமாவை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். இது மட்டுமே அடையாளத்தை நிறுவாது, ஆனால் நூறு கோப்புகளில் தொண்ணூறை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் மரபணுச் சோதனைக்கு அனுப்ப இப்படிப்பட்ட குறிப்புதான் வழிகாட்டும். அவர் உயரம், காலணி அளவு, பச்சை குத்தியிருந்தாரா, வெற்றிலை போடுவாரா, அரைஞாண் கயிற்றில் தாயத்து கட்டியிருந்தாரா என்பதையும் விடாதீர்கள்.

கடற்கரைச் சாலை:

எரியூட்டப்பட்டிருந்தால் என்ற கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்வதுதான் முறை. முழுமையாக எரிந்த அஸ்தியிலிருந்து மரபணு கிடைப்பது மிகமிக அரிது. அடையாளம் தெரியாத உடல்களை எரிக்கக்கூடாது, தனித்தனியே எண்ணிட்டுப் புதைக்க வேண்டும் என்று அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு வெளியிட்ட கையேடு வலியுறுத்துவது இதற்காகத்தான். ஆனாலும் உடல் போனால் கோப்பும் போய்விட்டது என்று பொருளில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை, படங்கள், விரல் ரேகை, உடுப்பு, சட்டைப் பையில் இருந்த பொருள்கள் ஆகியவற்றின் பதிவு எங்கேனும் இருக்கலாம். கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும், கடவுச்சீட்டு கொடுத்த திருச்சி அலுவலகத்துக்கும் கடவுச்சீட்டு எண்ணோடு எழுதுங்கள். பெயர் தெரிந்தும் உறவினர் முகவரி தெரியாமல் முடிக்கப்பட்ட கோப்பாகவும் இருக்கக்கூடும்.

உடல்கள் ஒன்றோடொன்று கலந்துபோனால் என்னவாகும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது சிங்கப்பூரில் ஜப்பானியர் ஆட்சியில் கொல்லப்பட்ட பொதுமக்களின் எலும்புகள் 1962இல் சிக்லாப்பிலும் பிற இடங்களிலும் கூட்டம் கூட்டமாகக் கண்டெடுக்கப்பட்டன. மரபணு ஒப்பீடு என்ற ஒன்றே அப்போது கிடையாது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளில் அவற்றைச் சேகரித்து அடக்கம் செய்து, அதன்மேல் எழுப்பிய நினைவுச்சின்னத்தை 1967 பிப்ரவரி 15 அன்று திறந்தார்கள். அந்த நான்கு தூண்களையும் நாம் நாள்தோறும் கடந்து போகிறோம். ஒரு தாழியின்மேல்கூட யாருடைய பெயரையும் எழுத முடியவில்லை. பெயர் எழுத முடியாத இன்னொரு தலைமுறை நம் காலத்தில் உருவாக விடக்கூடாது என்று நான் மனமார விரும்புகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எங்கோ எலும்புகள் கிடைத்தன என்ற செய்தி வரும்போதெல்லாம் அம்மாச்சியிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். 2018இல் இலங்கையின் மன்னாரில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டபோது, போரில் உறவுகளைத் தொலைத்த தாய்மார் அந்தக் குழியின் ஓரத்தில் வந்து நின்றார்கள். அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிய மாதிரிகளின் கரிமக் காலக்கணிப்பு அவை பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை என்று சொன்னது. அந்த முடிவைக் குடும்பங்களில் பலர் எளிதாக ஏற்கவில்லை. ஆறே மாதிரிகளை வைத்து முழுக்குழிக்கும் முடிவு சொல்லலாமா என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. எது உண்மையாயினும், உறுதியாகத் தெரியாத செய்தி ஒரு தாயை மறுபடியும் முதல் நாளுக்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

ஊட்ரம் ஓய்வாளர்:

பேத்தி அவர்களுக்கு, தனிமடலில் கேட்டதை மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். அம்மாச்சி பயணம் செய்யத் தேவையில்லை. ஊரில் வழக்குப் பதிவானதும், விசாரணை அதிகாரியே அரசு மருத்துவர் மூலம் வீட்டுக்கு வந்து மாதிரி எடுக்க ஏற்பாடு செய்யும்படி மனுவில் ஒரு வரி சேருங்கள். முதிர்ந்த வயது என்பதையும் குறிப்பிடுங்கள். உங்கள் மாதிரியை இங்கே கேட்டால் கொடுங்கள், ஆனால் அது அம்மாச்சியின் மாதிரிக்கு மாற்றாகாது. மாதிரி எடுப்பதற்குச் சற்று முன்பு அவர் எதுவும் சாப்பிட வேண்டாம், வெற்றிலை போட்டிருந்தால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு, மாதிரி எந்த ஆய்வகத்துக்கு எந்த எண்ணில் போனது என்பதைக் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரிகள் மாறுவார்கள். ஐந்து ஆண்டு கழித்து மறுபடி கேட்கப் போகும்போது அந்த எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.